வலிக்காத கழுத்து

இழுவை லோரிக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளுக்கும், இந்த வருஷம் சேர்ந்த இரண்டு தங்கச்சிகளுக்கும் எழுதுகிறேன்.

விஞ்ச் போடுவது, சங்கிலி மாட்டுவது, கவிழ்ந்த வண்டியை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது, இதையெல்லாம் வேறு ஆட்கள் சொல்லித் தருவார்கள். என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். நான் எழுதப்போவது காரைப் பற்றி இல்லை. காருக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளைப் பற்றி.

எனக்கு எழுத்து அவ்வளவு வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு. அதற்கப்புறம் லோரிதான். பீடோரில் இருபத்தெட்டு வருஷம் இழுவை வேலை. இப்போது ஈப்போவில் ஒரு தாமான் குடியிருப்பில் வீடு. காலையில் நடக்கிறேன், நடந்து முடிந்தால் ரொட்டி சானாய். ஒரு குறையும் இல்லை. லோரிக்காரர் சங்கத்தில் கேட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

நம் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. உங்களுக்கும் இதற்குள் சொல்லியிருப்பார்கள். போனவுடன் காரைக் கட்டு, ஆளை உன் லோரியில் ஏற்று, நேரே போலீஸ் பாலாய்க்குப் போய் ரிப்போர்ட் போட வை. ஆள் நம் லோரியில் ஏறிவிட்டால் கார் நம்மோடு வரும். இன்னொரு லோரிக்காரன் வந்து கையைப் பிடித்து இழுக்க முடியாது. நானும் அப்படித்தான் செய்தேன். ஆள் நின்றுகொண்டிருந்தால் நல்லா இருக்கிறான். படுத்திருந்தால் ஆம்புலன்ஸ். இவ்வளவுதான் என் கணக்கு.

அந்தக் கணக்கு தப்பு. தப்பு என்று தெரிந்த நாளைச் சொல்கிறேன்.

ஒரு சனிக்கிழமை, மத்தியானத்துக்கு மேல். நல்ல மழை. சுங்கைக்கும் பீடோருக்கும் நடுவில் பழைய ரோட்டில் ஒரு கார் கால்வாயில் இறங்கிவிட்டது என்று போன் வந்தது. அந்த இடம் முன்பு கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டம். இப்போது ரெண்டு பக்கமும் செம்பனை. முன்னால் போன செம்பனை லோரியிலிருந்து ஒரு குலை விழுந்திருக்கிறது. பின்னால் வந்த கார் அதற்காக ஒடித்து, வழுக்கி, மூக்கு கால்வாயில். பின் சக்கரம் ரெண்டும் மேலே.

நான் போனபோது கார்க்காரர் ரோட்டின் நடுவில் நின்று, வருகிற வண்டிகளுக்குக் கை காட்டி வழிவிட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். முழுக்க நனைந்திருந்தார். நெற்றியில் ஒரு கீறல். வேறு ஒன்றும் இல்லை.

நான் இறங்கிக் கேட்டேன், எங்கேயாவது அடியா என்று. ஒன்றுமில்லை என்றார். வலி இருக்கிறதா என்றேன். சுத்தமாக இல்லை என்றார்.

அவர் பேர் சேவியர். வீடு ஈப்போ பக்கம் லகாட்டில். வேலை தஞ்சோங் மாலிம் கார் பேக்டரியில். வாரம் முழுக்க அங்கே அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறவர். மறுநாள் அவர் மகளுக்கு மாதா கோயிலில் புதுநன்மை, முதல் நற்கருணை வாங்குகிற நாள். பின் சீட்டில் அவள் காலுக்கு வாங்கின வெள்ளைச் சப்பாத்துப் பெட்டி ஒன்று இருந்தது. அது நனைந்துவிட்டதா என்று பார்க்கத்தான் முதலில் கால்வாயில் இறங்கினார். பெட்டி நனையவில்லை. அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தார். ஏறுவதற்குக் கையைப் பிடித்து இழுத்தது நான்.

அதோடு நிற்கவில்லை. நான் கொக்கி மாட்டும்போது அவர் சங்கிலியைத் தூக்கிக் கொடுத்தார். நசுங்கின கதவைக் காலால் உதைத்து, கையால் இழுத்துத் திறந்தார். கதவு பொருத்துகிறதுதான் பேக்டரியில் அவர் வேலையாம். எனக்குச் சந்தோஷம். பாதிப் பேர் ரோட்டோரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இவர் என்னடா என்றால் கூலியில்லாமல் வேலை செய்கிறார். இப்படி ஆள் கிடைத்தால் நான் தினமும் விபத்துக்கு வருவேன் என்று அவரிடமே சொன்னேன். சிரித்தார்.

லோரி உங்களுக்குத் தெரியும், ஏறுவதற்கு உயரம். ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தாவி ஏறினார். நான் பாலாய்க்கு விட்டேன்.

போகிற வழியில் அவருக்கு உடம்பு நடுங்கியது. மழையில் நனைந்தது என்று நினைத்து ஏர்கோனை அடைத்தேன். கடையில் நிறுத்தி, சீனி அதிகம் போட்டு ஒரு தே ஓ, பால் இல்லாத டீ, வாங்கிக் கொடுத்தேன். அதுவும் செய்யக்கூடாதாம். அடிபட்டவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்கக்கூடாது. பிறகுதான் தெரிந்தது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பாலாயில் நம்பர் எடுத்து உட்கார்ந்தோம். முன்னால் நாலைந்து பேர். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். நான் பேசினால் சேவியர் தலையை மட்டும் திருப்பவில்லை. இடுப்போடு மொத்தமாகத் திரும்பினார். என்ன கழுத்து என்றேன். கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

நான் ரெட்டைப் பிள்ளை. எனக்குக் கூடப் பிறந்தவள் ஒருத்தி, பன்னிரண்டு நிமிஷம் மூத்தவள், கெடாவில் இருக்கிறாள். ரெட்டைப் பிள்ளை தொட்டால் சுளுக்குப் போகும் என்று தோட்டத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. சின்ன வயசில் எங்கள் ரெண்டு பேரையும் லயம் லயமாக, தோட்டத்து வீட்டு வரிசைகளுக்கெல்லாம், கூட்டிக்கொண்டு போவார்கள். முதுகு பிடித்துக்கொண்டவர்கள் குப்புறப் படுத்திருப்பார்கள். நாங்கள் ஏறி மிதிப்போம். கூலி, ஆளுக்கு ஒரு பிஸ்கட். வளர்ந்த பிறகு அவள் விட்டுவிட்டாள். நான் விடவில்லை. கையால் எடுக்கப் பழகினேன். முதுகு, தோள், கழுத்து எல்லாம். லோரியில் எப்போதும் பச்சை எண்ணெய் ஒரு புட்டி இருக்கும். பீடோர்ப் பக்கம் கார் இழுக்கக் கூப்பிட்டவர்களை விட சுளுக்கெடுக்கக் கூப்பிட்டவர்கள்தான் அதிகம் என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். விபத்தில் கழுத்துப் பிடித்துக்கொண்டவர்களுக்கும் ரோட்டோரத்திலேயே எடுத்துவிட்டிருக்கிறேன். நல்லாயிடுச்சு அண்ணே என்று போனார்கள். போனவர்கள் வீட்டில் என்ன ஆனார்கள் என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

ஆகவே எண்ணெய்ப் புட்டியை எடுத்து வந்தேன். சேவியர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் பின்னால் நின்றேன்.

கழுத்துச் சுளுக்கு எடுப்பது இப்படித்தான். காதுக்குப் பின்னாலிருந்து கட்டை விரலால் அமுக்கிக்கொண்டே இறங்க வேண்டும். ஓர் இடத்தில் ஆள் துள்ளுவான். அதுதான் இடம். அங்கே எண்ணெய் போட்டு நீவி, பிறகு தாடையைப் பிடித்து, எதிர்பாராத நேரத்தில் ஒரு திருப்பு. ஒரு சொடக்குச் சத்தம் வரும். முடிந்தது.

அமுக்கினேன். இங்கே வலிக்கிறதா என்றேன். இல்லை. கீழே. இல்லை. இன்னும் கீழே. இல்லை. நான் நன்றாகவே அமுக்கினேன். மரத்தை அமுக்கின மாதிரி இறுகிக் கிடந்தது. நடுவில் ஓர் இடத்தில் விரலுக்கு ஒரு படி தட்டுப்பட்டது. எலும்பு ஒன்று கொஞ்சம் உள்ளே இறங்கின மாதிரி.

"இங்க?"

"இல்ல அண்ணே. நீங்க திருப்பி விடுங்கலா, சரியாயிடும். மணி ஆவுது. வீட்ல எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்க."

என் இடது கை அவர் தாடையில் இருந்தது.

அப்போது எனக்கு உடம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தது சுளுக்கு மட்டும்தான். எத்தனையோ கழுத்தைப் பிடித்த கை. வலிக்காத சுளுக்கை அந்தக் கை பார்த்ததில்லை. சின்னப் பிடிப்புக்கே பெரிய ஆட்கள் அம்மா என்பார்கள். இங்கே கழுத்து இரும்பாக இருக்கிறது, விரலுக்குப் படி தட்டுகிறது, ஆளோ வீட்டுக்குப் போக மணி பார்க்கிறார். இது நான் படித்த பாடத்தில் இல்லை.

தெரியாததை என்ன செய்வது? வேறு நாளாக இருந்தால் திருப்பிப் பார்த்துவிடுவேன். அன்றைக்கு ஏனோ கையை எடுத்தேன்.

முன்னால் வந்து நின்று அவரைப் பார்த்தேன். மடியில் ரிப்போர்ட் தாள் இருந்தது. பேனா கீழே கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். வலது கையில் வாங்கினார். மறுபடி விழுந்தது. கை ஈரம் என்றார். கையைத் துடைத்துவிட்டு மறுபடி கொடுத்தேன். மறுபடி விழுந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பேனாவைப் பிடிக்கவில்லை. அவருக்கு அது தெரியவும் இல்லை.

அங்கே இருந்த மலாய்க்காரப் போலீஸ் பையனிடம் ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொன்னேன். யாருக்கு என்று கேட்டான். இவருக்கு என்றேன். அவன் சேவியரை மேலும் கீழும் பார்த்தான். நடந்துதானே வந்தார் என்றான். ஆமாம், நான்தான் நடக்க வைத்தேன் என்றேன். கூப்பிட்டான்.

பிறகு பெஞ்சுக்குப் பின்னால் போய், அவர் தலையை ரெண்டு பக்கமும் உள்ளங்கையால் பிடித்துக்கொண்டேன். அமுக்கவில்லை, திருப்பவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் நின்றேன். யாரும் சொல்லித்தரவில்லை. ஆடாமல் இருந்தால் நல்லது என்று பட்டது. சேவியருக்குக் கோபம். என்ன அண்ணே விளையாடுறீங்க, நான் கிளம்பணும் என்றார். நான் விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. அவர் மனைவி ஸ்டெல்லா. போலீஸ் பையன் எடுத்து அவர் காதில் வைத்தான். எனக்கும் கேட்டது. கார் போனால் போகட்டும், பிள்ளைகள் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள், நான் தம்பியோடு கிளம்பிவிட்டேன், நீ ஒன்றும் செய்ய வேண்டாம், அங்கேயே இரு என்று சொன்னது அந்தப் பொண்ணு. நாளைக்குப் பூசை என்று இவர் ஆரம்பித்தார். சாமியாரிடம் பேசிக்கொள்ளலாம், நீ இருந்தால் போதும் என்றது.

போன் வைத்தாயிற்று. சேவியர் ஒரு பெரிய மூச்சு விட்டார். தோள் இறங்கியது. அதுவரை விறைத்துக்கொண்டிருந்த உடம்பு பெஞ்சில் இறங்குவது என் கைக்குத் தெரிந்தது. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம்.

"அண்ணே, வலிக்குது."

அன்றைக்கு அந்த வார்த்தையை அவர் சொன்னது அப்போதுதான் முதல் தடவை. முகம் வெளுத்தது, வேர்த்துக் கொட்டியது. படுக்க வேண்டும் என்று உடம்பை ஒரு பக்கம் சாய்த்தார். சாய்ந்தால் தலை என் கையிலிருந்து போய்விடும். நான் குனிந்து, என் நெஞ்சால் அவர் முதுகை முட்டுக் கொடுத்தேன்.

"ஆடாத தம்பி. ஆடினா அறைஞ்சிடுவேன்."

"அறைஞ்சா கழுத்து திரும்பிடும் அண்ணே."

பல்லைக் கடித்துக்கொண்டு அதைச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கை ஆடும் என்று அடக்கிக்கொண்டேன்.

ஆம்புலன்ஸ் வருவதற்கு இருபது நிமிஷத்துக்கு மேல் ஆனது. அதில் வந்த எம்.ஏ., அதாவது மெடிக்கல் அசிஸ்டன்ட், ஒரு தமிழ்ப் பொண்ணு, முப்பது வயசு இருக்கும். வந்தவுடன் என் கையைப் பார்த்தது. அப்படியே வச்சிருங்க அங்கிள், எடுக்காதீங்க என்றது. கழுத்துக்குப் பட்டை கட்டி, பலகையில் படுக்க வைத்துக் கட்டிய பிறகுதான் என்னை விடச் சொன்னது. என் விரல்கள் மடங்கினபடியே நின்றுவிட்டன. ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன்.

ஆம்புலன்ஸ் பின்னாலேயே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். லோரியின் மேல் அவர் கார் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நசுங்கின காரோடு ஓர் இழுவை லோரி. காவலாளி என்னைப் பார்த்து, நோயாளியைத்தானே கொண்டு வரணும், காரை எதுக்குக் கொண்டு வந்தீங்க என்று கேட்டார். லோரியை ஓரமாகப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

படம் எடுத்துப் பார்த்ததில் கழுத்தெலும்பு ஒன்று உடைந்து நகர்ந்திருந்தது. அன்றைக்கே ஆப்பரேசன். பிழைத்துக்கொள்வார் என்றார்கள். கை கால் எல்லாம் அசைகிறது, வலது கையில் ரெண்டு விரலுக்கு மட்டும் உணர்ச்சி இல்லை, வருமா வராதா இப்போது சொல்ல முடியாது என்றார்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்.

ரெண்டு விரல்தானே என்று நினைக்காதீர்கள். காரில் கதவைப் பொருத்தின பிறகு, கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். மிஷின் காட்டுவதற்கு முன் அவர் விரல் சொல்லிவிடும் என்று ஸ்டெல்லா சொன்னது. அந்த விரல் செத்துக் கிடந்தது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த எம்.ஏ. பொண்ணு வேலை முடிந்து போகிற வழியில் நின்றது. நான் கேட்டேன், கழுத்து உடைந்த ஆள் எப்படிம்மா சங்கிலி தூக்குவார், வலிக்காதா என்று.

"அங்கிள், உங்க லோரி ரிவர்ஸ் எடுத்தா கத்துமே, அது தொல்லையா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"ஒயர கழட்டிடுவேன்."

"கழட்டிட்டா பின்னால ஆளு இல்லன்னு ஆயிடுமா?"

பிறகு விவரமாகச் சொன்னது. எனக்குப் புரிந்த அளவுக்கு எழுதுகிறேன். சிறுநீரகத்துக்கு மேல் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது. பெரிய பயம் வந்தால், ஆபத்து வந்தால், அது அட்ரினலின் என்கிற சாமானை ரத்தத்தில் விடும். கொஞ்சம் பின்னால் கார்டிசால் என்று இன்னொன்று. நெஞ்சு வேகமாக அடிக்கும், கைகாலுக்குப் பலம் வரும். அதே நேரத்தில் மூளை தன் பங்குக்கு ஒரு வலி மருந்தைத் தானே ஊற்றும். எண்டார்ஃபின் என்று பேர். ஆஸ்பத்திரியில் போடுகிற மார்ஃபின் ஊசிக்கு அது ஒருவகையில் சொந்தம். அடிபட்ட இடத்திலிருந்து வருகிற சேதியை அது வழியிலேயே அடைத்துவிடும். முதலில் தப்பித்துக்கொள், வலியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று உடம்பு செய்து வைத்திருக்கிற ஏற்பாடு. எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டேன். ஆளைப் பொறுத்தது, சிலருக்குச் சில நிமிஷம், சிலருக்கு மணிக்கணக்கு. பயம் இறங்கினால் மருந்தும் இறங்கும் என்றது.

ஸ்டெல்லா போன் செய்த பிறகு வலி வந்தது ஏன் என்று அப்போது புரிந்தது. இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னார். சேவியர் உடம்பு அதை நம்பியது. காவலை எடுத்துவிட்டது.

அப்போதுகூட நான் அந்த எம்.ஏ. பொண்ணிடம் கழுத்தை அமுக்கினதைச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தேன். மூன்றாம் நாள் என் வலது தோளில் ஒரு வலி. கட்டை விரலிலிருந்து தோள் வரைக்கும். அமுக்கின கை. தலையைப் பிடித்து நின்றதால் வந்த வலி, ரெண்டு நாளில் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. ஒரு வாரம், ரெண்டு வாரம், ஒரு மாதம். சட்டை போட முடியாது. கியர் மாற்ற முடியாது. கிளினிக்கில் படம் எடுத்தார்கள், எலும்பில் ஒன்றும் இல்லை. கெடாவுக்குப் போன் போட்டுக் கூடப் பிறந்தவளிடம் சொன்னேன். அவள் சொன்னாள்:

"பிஸ்கட்டு வாங்கின காலத்தோட நிறுத்தியிருக்கணும் நீ."

ஒரு சின்ன வலி, எப்படி இவ்வளவு பெரிசாக ஆகிறது என்று எனக்கு விளங்கவில்லை. ரோட்டில் விபத்து என்று போன் வந்து கிளம்பினால் தோள் தெரியாது. வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்தால் உயிர் போகும். தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் விரலுக்கு அந்தப் படி தட்டுப்படும். நான் அமுக்கினதில்தான் அந்த ரெண்டு விரல் செத்ததோ என்று ஒரே யோசனை.

ஒரு நாள் சேவியரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது அதே எம்.ஏ. பொண்ணு எதிரில் வந்தது. நான் இடது கையால் பையைத் தூக்குவதைப் பார்த்து என்னவென்று கேட்டது. சொன்னேன். தூங்குறீங்களா என்றது. இல்லை என்றேன். என்ன கவலை என்றது. அப்போதுதான் அமுக்கினதைச் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லாததை அந்தப் பொண்ணிடம், மருந்துக் கடை வரிசையில் நின்றுகொண்டு.

திட்டும் என்று நினைத்தேன். திட்டியது. கழுத்தை இனி எவன் கேட்டாலும் தொடக்கூடாது என்றது. பிறகு குரலை இறக்கிச் சொன்னது:

"கொஞ்ச நேரப் பயம் வலிய மூடும் அங்கிள். மாசக்கணக்கா கவலப்பட்டா அது வலியப் பெருசாக்கும். ரெண்டுலயும் சுரக்குற சாமான் ஒன்னுதான், அந்தக் கார்டிசால்."

தினமும் அது ஓடிக்கொண்டிருந்தால் உடம்பு அதற்குச் சலித்துவிடுமாம். வலியை அடைக்கிற வேலை ஒழுங்காக நடக்காது. சின்ன நோவும் பெரிசாகக் கத்தும். தோளில் ஒன்றும் இல்லை என்று இல்லை, தசை பிடித்திருக்கிறது, ஆனால் அதைப் பெரிசாக்குவது வேறு என்றது. மாத்திரைக்குச் சீட்டு எழுதச் சொல்கிறேன், சொல்ல வேண்டியதை யாரிடம் சொல்லணுமோ அவரிடம் சொல்லிவிடுங்கள் என்று போய்விட்டது.

அதற்கு நேரம் எடுத்தேன். வார்டு வாசல் வரை போய்த் திரும்பி, கீழே போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு, மறுபடி போனேன்.

சேவியர் கழுத்தில் பட்டையோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தது. நான் நின்றபடியே சொன்னேன். நடக்க வைத்தேன், கால்வாயிலிருந்து கையைப் பிடித்து இழுத்தேன், லோரியில் தாவ வைத்தேன், கழுத்தை அமுக்கினேன், திருப்புவதற்குத் தாடையில் கை வைத்தேன் என்று எல்லாம். அவருக்குப் பாதி ஞாபகம் இல்லை.

ஸ்டெல்லா ஆரஞ்சைக் கீழே வைத்தது.

"திருப்புனீங்களா?"

"இல்லமா."

"ஏன் திருப்பல?"

"கத்தல அவரு."

ஸ்டெல்லா என்னையே பார்த்தது. பிறகு, நீங்கள் வெளியே போங்கள் என்றது. சத்தமாகச் சொல்லவில்லை. நான் திரும்பினேன்.

சேவியர் சொன்னார்: "ஸ்டெல்லா, அண்ணனுக்கு நாற்காலி எடுத்துப் போடு."

எடுத்துப் போட்டது. ஆனால் அன்றைக்கு என்னிடம் பேசவில்லை. அடுத்த வாரமும் பேசவில்லை. அது சரிதான். அவர்கள் டாக்டரிடமே கேட்டார்கள். உடைந்தது விபத்தில், மற்றபடி இவர் அமுக்கினதால் கூடுதலாகக் கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது, திருப்பியிருந்தால் கழுத்துக்குக் கீழே ஒன்றுமே அசையாமல் போயிருக்கும், அது மட்டும் தெரியும் என்றார் டாக்டர். யாராலும் சொல்ல முடியாது என்பது எனக்கும் சேர்த்துத்தான். அதோடுதான் இன்னும் இருக்கிறேன். இருக்க முடிகிறது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து தூங்கினேன். தோள் உடனே சரியாகவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து குறைந்தது. ரெண்டு மாதத்தில் கையைத் தலைக்கு மேல் தூக்கினேன். எண்ணெய்ப் புட்டியைக் கெடாவுக்கு அனுப்பிவிட்டேன். அவள் முழங்காலுக்குத் தேய்த்துக்கொள்கிறாள்.

இப்போது உங்களுக்கு. நின்றுகொண்டிருக்கிற ஆளை நம்பாதீர்கள். வலிக்கிறதா என்று கேட்பதில் பிரயோசனம் இல்லை, அந்த நேரத்தில் அவருக்கே தெரியாது. உருண்ட வண்டி, கால்வாயில் இறங்கின வண்டி என்றால் ஆளை முதலில் ஓர் இடத்தில் ஆடாமல் இருக்க வையுங்கள். சங்கிலி தூக்க விடாதீர்கள், எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும். தலையைத் திருப்பாமல் உடம்போடு திரும்புகிறாரா, கையிலிருந்து எதையாவது நழுவ விடுகிறாரா, பாருங்கள். ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள். காரை வேறு லோரிக்காரன் கொண்டு போனால் போகட்டும். கத்துகிற ஆளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கத்தாதவரைப் பாருங்கள். வீட்டு ஆட்கள் வந்தவுடன், ஆள் நல்லாத்தானே இருக்கிறார் என்று நீங்கள் கிளம்பிவிடக் கூடாது. அப்போதுதான் அவருக்கு ஆரம்பிக்கும்.

பிறகு உங்களுக்கே. நீங்கள் பார்ப்பதெல்லாம் உங்கள் உடம்பில் ஏறும். மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு முதுகுக்கு மருந்து தேய்க்காதீர்கள். யாரிடமாவது சொல்லுங்கள்.

சேவியருக்குப் பட்டை கழற்றினார்கள். நன்றாக நடந்தார். மகளுக்குப் புதுநன்மை பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக நடந்தது, என்னையும் கூப்பிட்டார்கள், போய்ச் சாப்பிட்டேன். பேக்டரியில் அவரைச் சாமான் அறையில் போட்டார்கள். பெட்டி எண்ணுகிற வேலை. கதவுப் பக்கம் போக முடியாது. விரல் ரெண்டும் அப்படியே இருந்தன. ஊசியால் குத்திப் பார்ப்பார், ஒன்றும் தெரியாது. ஐந்து மாதம், ஆறு மாதம். இனி வராது போலிருக்கிறது அண்ணே என்று ஒரு தடவை சொன்னார்.

எட்டாவது மாதம் என்று நினைக்கிறேன். ஒரு ஞாயிறு காலை, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு வேனுக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஸ்டெல்லா. அதுவாக எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. கொக்கியைக் கீழே போட்டுவிட்டு எடுத்தேன். அண்ணே, இவர் பேசணுமாம் என்று கொடுத்துவிட்டது.

"அண்ணே, தோசக்கல்லுல கைய வச்சிட்டேன்."

"எந்தக் கை?"

"சோத்துக் கை."

"எந்த வெரலு?"

"ஆள்காட்டி வெரலு அண்ணே. தெரியாம வச்சிட்டேன், பட்டுனு சுட்டுச்சு."

நான் வேனில் சாய்ந்துகொண்டேன்.

"வலிக்குதா?"

"உயிரே போவுது அண்ணே."

சிரித்துக்கொண்டே சொன்னார். பின்னால் ஸ்டெல்லா, கொப்பளம் போட்டுவிடும், பைப்பில் காட்டு என்று கத்துவது கேட்டது. நானும் அதையே சொன்னேன். உடனே தண்ணீரில் வை தம்பி என்றேன்.

இருக்கட்டும் அண்ணே, இன்னும் கொஞ்ச நேரம் என்றார்.